வீடு மாறிய பிறகு தபால் வந்து சேருவதில்லை – யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?

#1 மாடிவீட்டுக்காரர்

வணக்கம். நகரத்துக்குள் ரொம்ப வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போது சென்னை ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலையை) ஒட்டி ஒரு அடுக்குமாடியில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்திருக்கிறோம். தண்ணீர், லிஃப்ட், இன்டர்நெட் எல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. தபால் மட்டும் வழிக்கு வரவில்லை.

ஆன்லைனில் வாங்கும் சாமான்கள் ஒழுங்காக வந்துவிடுகின்றன. டெலிவரி பையன் போன் செய்கிறான், லொகேஷன் கேட்கிறான், வாசலில் வந்து நிற்கிறான். தபாலில் வர வேண்டியவைதான் பிரச்சினை. வங்கியிலிருந்து புது டெபிட் கார்டு அனுப்பியதாக எஸ்எம்எஸ் வந்தது. டிராக்கிங்கில் பார்த்தால் 'இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்' என்று போட்டுத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. மனைவியின் ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்றக் கொடுத்தோம், அதற்கு 'டோர் லாக்டு'. வீட்டில் அம்மா பகல் முழுக்க ஹாலில்தான் இருக்கிறார். கதவு எப்படிப் பூட்டியிருக்கும்?

சாதாரணக் கடிதத்துக்கு டிராக்கிங்கும் கிடையாது. அம்மா சந்தா கட்டியிருக்கும் மாத இதழ் இன்னும் பழைய வீட்டுக்கே போகிறது. அங்கே கீழ் வீட்டில் இருப்பவர் நல்ல மனிதர். வருவதையெல்லாம் ஈபி மீட்டர் பெட்டிக்குள் செருகிவைத்து வாட்ஸப்பில் படம் அனுப்புவார். கடைசியாக அனுப்பிய படத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மூலையில் தடவியிருந்த மஞ்சள் மழையில் கரைந்து உறை முழுக்க இழுபட்டிருந்தது, உள்ளே யார் பெயர் என்றே படிக்க முடியவில்லை. மாமா போனிலும் அழைத்திருந்ததால் தப்பித்தோம்.

நான் எழுதும் முகவரி இப்படி இருக்கும்: ஃபிளாட் எண், டவர் பி, பில்டர் வைத்த நீளமான ஆங்கிலப் பெயர், ஓஎம்ஆர், சென்னை, பின்கோடு. அந்தப் பின்கோடிலும் குழப்பம். பத்திரத்தில் ஒன்று இருக்கிறது, எதிர் ஃபிளாட்காரர் எழுதுவது வேறு. யாரிடம் போய் என்ன கேட்பது?

#2 கோவைக்குசும்பு

டெலிவரி பையனிடம் உங்க போன் நம்பர் இருக்குதுங்க, போஸ்ட்மேனிடம் இல்லைங்க. பாதி வித்தியாசம் அதுதான்.

மீதிப் பாதி அந்த 'ஓஎம்ஆர்'. சோழிங்கநல்லூரும் ஓஎம்ஆர்தான், கேளம்பாக்கமும் ஓஎம்ஆர்தான். ஊர்ப் பெயரையே காணோமே சார்? பில்டர் வைத்த பெயர் வரவேற்பு வளைவில் மட்டும்தான் இருக்கும். தபால்காரருக்கு அது 'ஏரிக்கரைப் பக்கம் புதுசாகக் கட்டிய பில்டிங்'.

#3 சிவப்புப்பெட்டி

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெலிவரி பக்கமும் இருந்திருக்கிறேன், சார்ட்டிங் பக்கமும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்றும் சேர்ந்தால் எந்த சார்ட்டிங் மாவட்டம் என்று தெரியும். கடைசி மூன்றுதான் எந்த அலுவலகத்திலிருந்து பட்டுவாடா ஆக வேண்டும் என்று சொல்லும். உங்கள் உறையைக் கையில் எடுக்கும் சார்ட்டர் 'டவர் பி'யைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார். எண் தவறாக இருந்தால் கட்டு வேறு ஆபீசுக்குப் போகும். அங்கே பீட் (ஒரு தபால்காரர் சுற்றிவரும் தெருக்கள்) வாரியாகப் பிரிக்கும்போதுதான் 'இது நம்ம ஏரியா இல்லை' என்று தெரிந்து, எந்த ஆபீஸ் என்று கண்டுபிடித்துத் திருப்பிவிடுவார்கள். அதில் நாள் போகும். சில சமயம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

ஓஎம்ஆர் பக்கம் இந்தக் குழப்பம் சகஜம். உதாரணமாக நாவலூருக்கு முன்பு 603103, கேளம்பாக்கத்தோடு சேர்ந்தது. இப்போது 600130. பழைய பத்திரம், பழைய கேஸ் ரசீது எல்லாவற்றிலும் 603103 என்றே இருக்கும். இன்னொன்று, 2019 கடைசியில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பல இணையதளங்களில் பின்கோடு போட்டால் இன்னமும் 'காஞ்சிபுரம்' என்று தானாக வந்து விழும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாவட்டப் பெயர் தவறினால் தபால் வழி தவறாது, எண் தவறினால் தவறும்.

எது சரி என்று எதிர் ஃபிளாட்டில் கேட்காதீர்கள். அஞ்சல் துறையே 'நோ யுவர் பின்கோடு' என்று ஒரு தளம் வைத்திருக்கிறது. வரைபடத்தில் உங்கள் கட்டடத்தைக் காட்டினால் சொல்லும். அதைவிட நல்லது நேரில் போவது.

நேரில் போகும்போது ஒன்று கவனியுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையம் உங்களுக்குப் பட்டுவாடா செய்யும் நிலையம் என்று நினைக்க வேண்டாம். பல துணை அஞ்சலகங்களில் டெலிவரியே கிடையாது. ஸ்டாம்ப் விற்பார்கள், புக்கிங் வாங்குவார்கள், ஆர்டி கட்டலாம், அவ்வளவுதான். அங்கே போய்ச் சண்டை போட்டு நேரத்தை வீணடித்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'எங்கள் தெருவுக்கு டெலிவரி எந்த ஆபீஸ், எந்த பீட்?' என்று கேளுங்கள். டெலிவரி ஆபீசுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பைகள் வந்து, தெருவாரியாகக் கட்டு பிரித்து, அவர்கள் வண்டியை எடுத்துக் கிளம்புவதற்கு முன் போனால் உங்கள் பீட் தபால்காரரையே பார்க்கலாம். மதியத்துக்கு மேல் போனால் காலி மேஜைதான் இருக்கும்.

அவரிடம் குடும்பத்தில் எல்லாருடைய பெயரையும், போன் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மனைவி பெயரில் வரும் தபால், அம்மா பெயரில் வரும் தபால் எல்லாம் ஒரே வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் துண்டுத் தாளைப் பீட் கட்டோடு வைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் ஒரு ரப்பர் பேண்டுக்குள் வைத்திருந்தேன்.

முகவரியை இப்படி எழுதுங்கள்: பெயர், ஃபிளாட் எண்ணும் டவரும், கட்டடப் பெயர், தெருப் பெயர், தெரு எண் இருந்தால் அதுவும், ஊர்ப் பெயர், பின்கோடு. 'ஓஎம்ஆர்' வேண்டுமானால் ஊருக்கு முன்னால் ஒரு மூலையில் இருக்கட்டும்.

#4 மாடிவீட்டுக்காரர்

ஐயா, மிக்க நன்றி. நான் பார்த்துவைத்திருந்தது பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் நிலையத்தைத்தான். அங்கே டெலிவரி உண்டா என்று கேட்கிறேன்.

இன்னொரு கேள்வி. பழைய வீட்டுக்கு வருவதைப் புது வீட்டுக்குத் திருப்பிவிட வழி இருக்கிறதா? கீழ் வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் தொந்தரவு கொடுப்பது?

#5 சிவப்புப்பெட்டி

இருக்கிறது. 'ரீடைரக்‌ஷன்' என்று சொல்வோம். பழைய வீட்டுக்குப் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தில் போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். புது ஆபீசில் இல்லை, பழைய ஆபீசில். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். பழைய முகவரி, புது முகவரி, யார் யார் பெயருக்கு, எந்தத் தேதியிலிருந்து, இவ்வளவும் இருந்தால் போதும். எல்லார் கையெழுத்தும் இருப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் மனைவியின் தபாலைத் திருப்பிவிடச் சொல்ல நீங்கள் மட்டும் போதாது. அடையாள அட்டை நகல் கொண்டுபோங்கள். இது நிரந்தரம் கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். எதுவரை என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் மறுபடி எழுதிக் கொடுங்கள்.

கீழ் வீட்டுக்காரரும் மீட்டர் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. உறையைப் பிரிக்காமல், பழைய முகவரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது முகவரியை எழுதித் தபால் பெட்டியிலோ தபால்காரர் கையிலோ கொடுத்தால் போதும். வந்த சூட்டோடு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் வைத்திருந்து போட்டால் சிக்கல்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். திருப்பிவிடுவது ஒட்டுப்போடுகிற வேலைதான். அனுப்புகிறவரின் ஏட்டில் முகவரி மாறாதவரை இது ஓயாது. அதிலும் வங்கிக் கார்டு, காசோலைப் புத்தகம் போன்றவற்றின் உறையில் 'பட்டுவாடா ஆகாவிட்டால் இந்த முகவரிக்குத் திருப்பவும்' என்று அச்சிட்டே அனுப்புவார்கள். அவை உங்கள் பின்னால் வராது.

#6 நியூஜெர்சிநெல்லை

இங்கே வீடு மாறினால் தபால் துறையின் தளத்தில் முகவரி மாற்றம் பதிவு செய்தால் போதும், கடிதங்கள் 12 மாதம் புது வீட்டுக்குத் தானாக வரும். லண்டனில் இருக்கும் என் தம்பி காசு கட்டி 3, 6, 12 மாதம் என்று ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்கிறான். நம் ஊரில் இன்னும் வெள்ளைத் தாளில் விண்ணப்பமா?

#7 சிவப்புப்பெட்டி

அங்கே திருப்பிவிடுவது கணினி, இங்கே பீட் தபால்காரர். நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தைப் பார்த்து, அவர் உங்கள் உறையைக் கையால் ஒதுக்கி, முகவரியை எழுதித் திரும்பப் போட வேண்டும். அவர் லீவில் போய் வேறு ஆள் அந்த பீட்டுக்கு வந்தால் பழைய வீட்டிலேயே போட்டுவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. அதனால்தான் விண்ணப்பத்தோடு நிறுத்தாமல் ஆளையும் பார்க்கச் சொல்கிறேன்.

#8 செயலாளர்_சி_பிளாக்

நாங்கள் ஒரு பெரிய குடியிருப்பின் சங்கத்தில் இருக்கிறோம். சங்கத்தின் பக்கத்தையும் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் தபால் பெட்டிகளை பில்டர் பேஸ்மென்டில், கார் நிறுத்தும் இடத்தின் கடைக்கோடியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தபால்காரர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாட்டார். செக்யூரிட்டியோ 'மேலே விட ஆர்டர் இல்லை' என்பார். ஆக, தபால்காரர் கேட்டோடு நின்றுவிடுவார். இன்டர்காமில் ஒரு தடவை அடித்துப் பார்ப்பார்கள், யாரும் எடுக்கவில்லை என்றால் 'டோர் லாக்டு'. உங்கள் அம்மா வீட்டில்தான் இருந்தார், ஆனால் யாரும் கதவைத் தட்டவே இல்லை என்பதுதான் நடந்திருக்கும். இன்டர்காம் உங்கள் வீட்டில் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் செய்தது: பெட்டிகளைத் தரைத்தளத்தில் மெயின் கேட்டை ஒட்டி மாற்றினோம். எண்ணைப் பெயின்டில் பெரிதாக எழுதினோம். கேட்டில் குடியிருப்போர் பட்டியல் ஒன்று வைத்தோம், வாடகைக்கு இருப்பவர் பெயரோடு சேர்த்து. இதுதான் முக்கியம். பட்டியலில் ஓனர் பெயர் மட்டும் இருந்தால் வாடகைதாரருக்கு வரும் தபாலெல்லாம் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரும்பிப் போகும். தபால்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். அதற்கப்புறம் புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது.

#9 தனிமைவிரும்பி

செயலாளர் சார், பட்டியலை கேட்டில் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் தனியாக இருக்கும் பெண். என் பெயரும் ஃபிளாட் எண்ணும் வாட்டர் கேன் போட வருகிறவர் முதல் எல்லார் கண்ணிலும் படும்படி இருப்பது எனக்குச் சரிப்படாது. தபால்காரரிடம் மட்டும் கொடுங்கள், செக்யூரிட்டி மேஜை டிராயரில் வையுங்கள். சுவரில் வேண்டாம்.

இன்னொன்று, எங்கள் கேட்டில் ஸ்பீட் போஸ்ட்டையும் செக்யூரிட்டியே கையெழுத்துப் போட்டு வாங்கிவைக்கிறார். டிராக்கிங்கில் 'டெலிவர்டு' என்று வந்துவிடும். பொருள் எங்கே என்று ஷிஃப்ட் மாறிய ஆளிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது.

#10 செயலாளர்_சி_பிளாக்

நீங்கள் சொல்வது நியாயம்தான் மேடம். அடுத்த கூட்டத்தில் பேசி டிராயருக்கு மாற்றிவிடுகிறேன். ஆனால் ஸ்பீட் போஸ்ட்டை செக்யூரிட்டி வாங்காவிட்டால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள் என்ன செய்யும்? எல்லாமே திரும்பித்தானே போகும்?

#11 சிவப்புப்பெட்டி

வேறொருவர் வாங்க வேண்டுமானால் நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். சும்மா கேட்டில் நிற்கிறார் என்பதற்காகக் கொடுப்பது முறையல்ல. நடைமுறையில் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பழைய பதிவுத் தபால்போல உரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால், அனுப்புகிறவர் ஸ்பீட் போஸ்ட்டில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற கூடுதல் வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. முக்கியமான தாள் அனுப்பும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: வீட்டில் ஆள் இல்லாமல் போனால் பொருளை அன்றே திருப்பி அனுப்பிவிடமாட்டார்கள். ஆபீசில் சில நாள் இருக்கும். டிராக்கிங்கில் 'டோர் லாக்டு' என்று பார்த்தவுடன் அடுத்த நாள் காலையே அடையாள அட்டையோடு போனால் கையில் வாங்கிவிடலாம். 'ரிட்டர்ன் டு சென்டர்' என்று வந்தபிறகு போனால் பயனில்லை.

#12 தாமிரபரணித்தண்ணி

நான் சென்னையில் வீடு மாறுவதற்குக் கணக்கே இல்லை. ஓனர் மகனுக்குக் கல்யாணம், ஓனர் வீட்டை இடித்துக் கட்டுகிறார், ஓனருக்கு என் பைக் சத்தம் பிடிக்கவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஊர் முகவரிதான். ஆதார், பான், வங்கி, எல்ஐசி எல்லாம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் கிராமம். 'கிராமம் & அஞ்சல்' என்று எழுதினால் போதும், வீட்டு எண்கூட வேண்டாம். கிளை அஞ்சலகத்துக்காரருக்கு என் தாத்தாவையே தெரியும். தபால் வந்தால் சித்தப்பா படம் எடுத்து அனுப்புவார், அவசரமென்றால் பஸ் பார்சலில் போட்டுவிடுவார். பின்கோடு மாறியதே கிடையாது. ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்?

#13 கோவைக்குசும்பு

சித்தப்பா இருக்கிற வரைக்கும் நல்ல ஏற்பாடுதாங்க. கார்டு, பின் நம்பர் கவர் இரண்டையும் அவரே பிரித்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடாத வரைக்கும் இன்னும் நல்லதுங்க.

#14 வழக்காடி

தாமிரபரணித்தண்ணிக்கு ஒரு வழக்கறிஞராகச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை தவறினால் மாமா கோபித்துக்கொள்வார். சட்ட அறிவிப்பு தவறினால் கதை வேறு.

1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 27. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை. காசோலை திரும்பும் வழக்குகளில் இது தினமும் வரும். வங்கி திருப்பியது தெரிந்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். 'நான் அந்த வீட்டில் இல்லை, எனக்குத் தெரியாது' என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். 2007இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: அறிவிப்பு கிடைக்கவில்லை என்கிறவர், நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டிவிடலாம். அதையும் செய்யாமல் முகவரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. எங்களிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர், கடன் வாங்கியபோது கொடுத்த வாடகை வீட்டு முகவரியை மாற்றவே இல்லாதவர்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 49படி, வீடு மாறிய 30 நாளுக்குள் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) முகவரி மாற்றத் தெரிவிக்க வேண்டும். யாரும் செய்வதில்லை, அது வேறு.

ஊர் முகவரி வைத்திருப்பது தவறு என்று சொல்லவில்லை. ஆதாரில் நிரந்தர முகவரி ஊரிலேயே இருக்கட்டும். வங்கியில் 'தற்போதைய முகவரி' என்று தனியாக ஒன்று கொடுக்கலாம். ஆதார் காட்டி கேஒய்சி செய்தவர் வேறு இடத்தில் வசித்தால், தற்போதைய முகவரிக்குச் சுய உறுதிமொழியே போதும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கிளையில் யாராவது 'ஆதாரை மாற்றிக்கொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

#15 தாமிரபரணித்தண்ணி

அண்ணா, அந்தச் சுய உறுதிமொழி விஷயம் எனக்குத் தெரியாது. வாகனக் கடன் கொடுத்த இடத்தில் மட்டுமாவது இப்போதைய முகவரியைக் கொடுத்துவிடுகிறேன். சித்தப்பா ஏற்பாடு மற்றதற்கெல்லாம் தொடரும்.

#16 மாடிவீட்டுக்காரர்

டெலிவரி ஆபீசுக்குப் போய்விட்டு வந்தேன். சிவப்புப்பெட்டி ஐயா சொன்னதுதான்: பஸ் ஸ்டாப் நிலையத்தில் டெலிவரி கிடையாது, எங்களுக்கு உரியது இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கிறது. பத்திரத்தில் இருந்தது பழைய பின்கோடு. வங்கிக்கு நான் கொடுத்திருந்தது அதைத்தான்.

பீட் தபால்காரர் இளைஞர், போன வருடம்தான் இந்தப் பகுதிக்கு வந்திருக்கிறார். அவர் பீட்டில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது, ஆள் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை என்றார். எங்கள் கட்டடத்தை அவர் பில்டர் பெயரால் அறியவே இல்லை. 'பிள்ளையார் கோயில் எதிரில் வெள்ளை பில்டிங்கா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டுத் தாளை வாங்கி என் எண்ணைத் தன் போனிலேயே ஏற்றிக்கொண்டார். இன்டர்காமைப் பற்றி செயலாளர் சொன்னதும் சரி, எங்கள் ஃபிளாட்டில் வயரே இழுக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன்.

முகவரியில் 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்று சேர்த்துவிட்டேன். மனைவியின் உரிமம் என்ன ஆகும்? ஆர்டிஓ ஆபீசில் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாமா?

#17 ஓட்டுநர்பள்ளிஅக்கா

நேரில் தரமாட்டார்கள் தம்பி. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து உரிமமும் ஆர்சியும் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வரும் என்று ஆக்கிவிட்டார்கள். இடைத்தரகர் தொல்லை ஒழியட்டும் என்று. திரும்பிப் போன கார்டு ஆர்டிஓ ஆபீசுக்குத்தான் போகும். சரியான முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் கொண்டுபோய்க் கொடுத்தால் அதில் போட்டு மறுபடி அனுப்புவார்கள். கவரில் போன் நம்பரைப் பெரிதாக எழுதுங்கள். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் மாதத்துக்கு ஒருவராவது இப்படி மாட்டிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் ஹாஸ்டல் பையன்கள்.

அதுவரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருக்கும் உரிமத்தைக் காட்டினால் போலீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட் காட்டாதீர்கள், ஆப்பையே திறந்து காட்டுங்கள்.

#18 வரைபடப்பிரியன்

யாருமே டிஜிபின் பற்றிச் சொல்லவில்லையே? அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமான என்ஆர்எஸ்சியும் சேர்ந்து உருவாக்கியது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு. கோயிலும் வேண்டாம், ஏரிக்கரையும் வேண்டாம். அந்தப் பத்து எழுத்து போதும்.

#19 கோவைக்குசும்பு

மாடிவீட்டுக்காரர் மேல் மாடியில் இருக்கிறாருங்க. அவர் வீட்டுக்கு நேர் கீழே அடுக்கடுக்காக இருக்கிற அத்தனை வீட்டுக்கும் அதே பத்து எழுத்துதானே வரும்? கட்டம் தரையில் மட்டும்தானுங்களே.

#20 வரைபடப்பிரியன்

அது உண்மைதான், உயரம் அதில் கிடையாது. ஃபிளாட் எண்ணை எழுதத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மாதிரி தனி வீட்டு லேஅவுட்டில், மனை எண் ஒன்று, வரி ரசீதில் எண் வேறொன்று, ஈபி கார்டில் மூன்றாவது எண் என்று இருக்கும் இடத்தில் இது ரொம்ப உதவும்.

#21 சிவப்புப்பெட்டி

பின்கோடுக்குப் பதிலாக டிஜிபின் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அது கூடுதல் அடையாளம். முகவரியின் கடைசி வரியில் பின்கோடுக்குப் பக்கத்தில் எழுதலாம். உங்கள் தபால்காரர் அதைப் பார்த்து வருவாரா என்றால், இன்றைக்கு பிள்ளையார் கோயில்தான் வேகமாக வேலை செய்யும்.

எண் குழப்பத்துக்குச் சென்னைக்காரர்கள் பழைய எண், புது எண் இரண்டையும் போட்டு எழுதுவார்களே, அந்த வழக்கத்தை விடாதீர்கள். நகரத்துக்குள் ஒரே தெருவில் பழைய 12 ஒரு வீடு, புது 12 இன்னொரு வீடு. எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் பாதி நாள் எதிர் வீட்டில்தான் இருக்கும்.

#22 தனிமைவிரும்பி

இத்தனை செய்தும் வராவிட்டால் புகார் எங்கே கொடுப்பது? ஆளைப் பார், ஆளைப் பார் என்கிறீர்கள். எல்லாராலும் காலையில் லீவு போட்டுவிட்டுப் போக முடியாது.

#23 சிவப்புப்பெட்டி

1800 266 6868 கட்டணமில்லா எண். ஸ்பீட் போஸ்ட்டாக இருந்தால் டிராக்கிங் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், அல்லது இந்தியா போஸ்ட் தளத்தில் புகார் பதியுங்கள். புகார் எண் தருவார்கள். அதில் பதில் திருப்தியாக இல்லையென்றால் மத்திய அரசின் பிஜி போர்ட்டல் என்ற குறைதீர்ப்புத் தளத்தில் போடலாம், அதற்குக் கட்டாயம் பதில் எழுதுவார்கள். கோட்ட அளவில் டாக் அதாலத் என்ற குறைகேட்புக் கூட்டம் நடக்கும், தேதி முன்கூட்டியே அறிவிப்பார்கள், எழுத்தில் மனு கொடுக்கலாம்.

சாதாரணத் தபாலுக்குப் புகார் கொடுத்தால் பலன் குறைவு. எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. யாருக்கும் சேராமல், அனுப்பியவர் முகவரியும் இல்லாமல் தங்கிவிடும் உறைகள் ஆர்எல்ஓ என்ற அலுவலகத்துக்குப் போகும். அங்கே மட்டும்தான் பிரித்துப் பார்க்க அதிகாரம் உண்டு. உள்ளே முகவரி கிடைத்தால் அனுப்பிவைப்பார்கள். அதனால் நீங்கள் அனுப்பும் உறையின் பின்பக்கம் உங்கள் முகவரியை எழுதாமல் விடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கும்போது முதலில் விடுவது அதைத்தான்.

#24 மாடிவீட்டுக்காரர்

வங்கியில் பின்கோடு மாற்றிவிட்டேன், கார்டு மறுபடி அனுப்பி, தபால்காரர் போன் செய்து, அம்மா கையில் வாங்கிவிட்டார். உரிமத்துக்குக் கவர் கொடுத்தாயிற்று. ரீடைரக்‌ஷன் விண்ணப்பமும் பழைய ஆபீசில் கொடுத்துவிட்டோம், முத்திரை குத்திய நகல் வாங்கிக்கொண்டேன்.

இதழ் மட்டும் பாக்கி. அலுவலகத்துக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை.

#25 தாமிரபரணித்தண்ணி

இதழ் சுற்றி வரும் தாளில் முகவரிக்கு மேலே சந்தா எண் இருக்கும் அண்ணா. அந்த எண்ணோடு ஒரு அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள், போனைவிட அதற்கு மரியாதை அதிகம். அடுத்த மாத லேபிளை முன்னாடியே அடித்து வைத்திருப்பார்கள், ஒரு இதழ் பழைய வீட்டுக்குப் போகத்தான் செய்யும்.

#26 ஹாஸ்டல்வாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பிஜி விடுதியில் இருக்கிறேன், அடிக்கடி மாறுவேன். தபால்காரரைப் பழக்கப்படுத்துவதற்குள் இடம் மாறிவிடுகிறது. ஒரு சான்றிதழ் தபாலில் வர வேண்டும். என் மாதிரி ஆளுக்கு வழி?

#27 சிவப்புப்பெட்டி

'போஸ்ட் ரெஸ்டான்ட்' என்று ஒன்று இருக்கிறது தம்பி. உன் பெயர், அதற்குக் கீழே 'போஸ்ட் ரெஸ்டான்ட்', பிறகு ஏதாவது ஒரு பெரிய அஞ்சலகத்தின் பெயர், அதன் பின்கோடு. இப்படி எழுதி அனுப்பச் சொன்னால் தபால் அந்த அலுவலகத்திலேயே காத்திருக்கும், நீ போய் வாங்கிக்கொள்ளலாம். ரொம்ப நாள் வைத்திருக்கமாட்டார்கள், அதனால் அனுப்பிய தேதியைக் கேட்டு வைத்துக்கொள். பெயர் உன் அடையாள அட்டையில் இருக்கிறபடியே இருக்கட்டும், இனிஷியல் உட்பட. ஆனால் அனுப்புகிற இடம் இப்படி ஒரு முகவரியை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள். சில படிவங்களில் வீட்டு எண் இல்லாமல் அடுத்த பக்கமே போகாது. ஏற்காவிட்டால் ஊர் முகவரியைக் கொடு.